நாத்தான்வேல் துரையின் வெதுவெதுப்பு

நாத்தான்வேல் துரையை மண்ணில் வைத்த நாலாம் நாள், அவர் தன் கையால் வார்த்த எழுத்துகளில் அச்சான முதல் தாள் சூடாக வந்தது. சூடு என்றால் கையைச் சுடுகிற சூடு இல்லை. தூங்குகிற ஆளின் கழுத்தடியில் கை வைத்தால் இருக்குமே, அந்த வெதுவெதுப்பு. அச்சுக்கோக்கிற மாசிலாமணி எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று மூக்கை விடைத்துக்கொண்டு அச்சுக்கூடம் முழுக்க ஒரு சுற்றுச் சுற்றி வந்தார், பிறகு தனக்குத்தான் காய்ச்சல் என்று முடிவுகட்டி, ஒத்துப் பார்ப்பதற்காக அச்சுப்பொறி இழுக்கிற நெய்னாவின் கழுத்தைத் தொட்டார், நெய்னா கூச்சத்தில் நெளிந்து சிரித்தார், சாவு வீட்டில் சிரித்துவிட்டோமே என்று இரண்டு பேரும் நாக்கைக் கடித்துக்கொண்டார்கள், கடைசியில் தாளை ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்துக்கொண்டு துரையின் மனைவி அருளாயி உட்கார்ந்திருந்த பின்கட்டுக்குப் போய் நின்றார்கள். அச்சுக்குப் போகும் தாள் முதல் நாளே தண்ணீரில் நனைத்து அடுக்கிவைக்கிற தாள். அது சில்லென்றுதான் வரவேண்டும், இருபது வருஷமாகச் சில்லென்றுதான் வந்துகொண்டிருந்தது. அருளாயி அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள். யார் என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. "மத்ததையும் அடிச்சுக் காயப் போடுங்க" என்று மட்டும் சொல்லி, அந்த ஒரு தாளைத் தன்னிடமே வைத்துக்கொண்டாள்.

துரை யார் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல நேரம் இருக்காது. இங்கிலாந்தில் துப்பாக்கி செய்கிற ஊர் ஒன்றில் பிறந்தவர் அவர், பதினாலு வயதிலிருந்து துப்பாக்கிப் பூட்டுகளின் மேல் பூவும் கொடியும் வேட்டைநாயும் செதுக்கிக்கொண்டிருந்தவர், சுடப்போகிற சாமானுக்குப் பூ எதற்கு என்று ஒருநாள் அலுத்துப்போய், அதே உளியால் எழுத்து வெட்டக் கற்றுக்கொண்டு, கும்பினிக்காரர்கள் தமிழில் விளம்பரம் அடிக்க ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு மர அச்சுப்பொறியோடு கப்பலேறிக் கொண்டல்துறையில் வந்து இறங்கியவர். பெயர் நதானியல் என்னமோ. பின்பாதி ஊர்க்காரர்கள் வாயில் நுழையவில்லை, முன்பாதியை வேதாகமத்தில் இருக்கிறபடி நாத்தான்வேல் என்று ஆக்கிக்கொண்டார்கள், அது வேல் என்று முடிந்ததால் கோயில் தெருவிலும் அவருக்கு ஒரு தனி மரியாதை இருந்தது.

அப்போது ஊரில் இருந்த தமிழ் எழுத்துகள் தமிழைக் காதால்கூடக் கேட்காத யாரோ கடலுக்கு அந்தப்பக்கம் வார்த்து அனுப்பியவை, ஒவ்வொன்றும் கொட்டைப்பாக்கு அளவு, சின்ன அறிவிப்பு ஒன்று அடிக்கவே படுதா அளவுத் தாள் வேண்டும், படிக்கிறவன் தெருவுக்கு எதிர்ப்பக்கம் போய் நிற்க வேண்டும். நாத்தான்வேல் துரைக்குச் சின்னதாக, மனுஷன் கையில் அடங்குகிற எழுத்து வேண்டியிருந்தது. அதற்கு ஒரு நல்ல கையெழுத்தைத் தேடி அலைந்தபோது மாதாகோயில் பெண்கள் பள்ளியில் பலகையில் எழுதிப்போட்டுக்கொண்டிருந்த உபதேசியார் மகள் அருளாயியைக் கண்டார். அவள் எழுதித் தருவாள், அவர் அதை இடம்வலம் மாற்றி எஃகு முனையில் வெட்டுவார், எஃகைச் செம்பில் அடித்துப் பள்ளம் பண்ணுவார், பள்ளத்தில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றுவார், வார்த்த ஒவ்வொரு எழுத்தையும் அரத்தால் ராவிக் கட்டைவிரலில் தேய்த்துப் பிசிறு பார்த்துத்தான் பெட்டிக்குள் போடுவார். பதினொரு மாதம் இந்த வேலை நடந்தது. பதினொரு மாதத்துக்கு அந்த வேலையில் விஷயம் இல்லை என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும், அவர்கள் இரண்டு பேருக்கும்தான் கடைசியில் தெரிந்தது. கல்யாணம் ஆனது. ஊர் அவளைக் கேலியாகத் துரைசானி என்றது, கேலி நாளடைவில் பெயராகிவிட்டது. பிள்ளை இல்லை. அதைப் பற்றி இரண்டு பேரும் பேசிக்கொண்டதும் இல்லை. இருபதாம் வருஷம் ஆனி மாதம், மூன்றே நாள் காய்ச்சலில் அவர் போய்விட்டார்.

சூடான தாள்கள் ஊருக்குள் போயின. சுங்கச் சாவடிச் சுவரில் ஒட்டிய விளம்பரத்தின் அடியில் முதலில் பூனைகள் வந்து படுத்தன, பிறகு முதுகுவலிக்காரர்கள் சாய்ந்து நிற்க ஆரம்பித்தார்கள், சாய்கிறவர்கள் வரிசையில் வரவேண்டும் என்று சாவடிச் சேவகன் ஒரு கோடு போட்டான். பிரசவம் பார்க்கிற செம்பாயி, எட்டாம் மாதத்தில் பிறந்து எலிக்குஞ்சு மாதிரிக் கிடந்த ஒரு பிள்ளையை வாடைக்காற்றில் வேறு வழி தெரியாமல் தோணிகளுக்கான அறிவிப்பு ஒன்றில் அச்சுப்பக்கம் உடம்பில் படும்படி சுற்றிவைத்தாள், பிள்ளை பிழைத்துக்கொண்டது, அதிலிருந்து அவள் பெட்டியில் கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் நாலு தாள் எப்போதும் இருந்தது. வாத்துக்காரன் ஒருவன் பஞ்சாங்கத்தை விரித்து அதில் முட்டை வைத்துக் குஞ்சு எடுத்தான். செத்தவருடைய சூடாயிற்றே, தீட்டு உண்டா என்று கோயில் தெருவில் ஒரு வாரம் பேச்சு நடந்தது. கடையில் விலைக்கு வாங்குகிற தாளுக்குத் தீட்டு கிடையாது என்று குருக்கள் சொல்லிவிட்டு, மூட்டுவலிக்கு ஒன்றை முழங்காலில் கட்டிக்கொண்டார். மரைக்காயர் தெருவில் கிழட்டு மாலுமிகள் ஆளுக்கு ஒன்று சட்டைக்குள் போட்டுக்கொண்டு தொழுகைக்குப் போனார்கள். உபதேசியார் மட்டும் ஞாயிற்றுக்கிழமை இதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இருந்தார், அவர் கக்கத்தில் இருந்த பிரார்த்தனைப் புத்தகம் மருமகனின் எழுத்தில் புதிதாக அடித்தது.

ஒரு தாளின் சூடு ஒரு மழைக்காலம் தாங்கியது, பிறகு ஆறிவிடும். ஆகையால் வருஷாவருஷம் புதுத் தாள் வேண்டியிருந்தது, சும்மா தாள் அடித்துத் தா என்று கேட்க ஊருக்கு வெட்கமாக இருந்தது, எதையாவது அச்சடிக்கக் காரணம் கண்டுபிடித்தார்கள். காணாமல் போகாத ஆட்டுக்கு ஆடு காணவில்லை என்று இருநூறு தாள் அடித்தார்கள். காதுகுத்துக்கு அடித்தார்கள், கிணறு வெட்டத் தொடங்கியதற்கும் தண்ணீர் வந்ததற்கும் தனித்தனியாக அடித்தார்கள். அண்ணன் தம்பிகள் சமாதானம் ஆனதை அச்சில் அறிவித்த ஊர் கொண்டல்துறை ஒன்றாகத்தான் இருக்கும். போர்வைக்குள் கிடந்த பிள்ளைகள் தாளைப் பார்த்துப் பார்த்துப் பள்ளிக்குப் போகாமலே எழுத்துக் கூட்டிப் படித்தன. இங்கிலாந்தில் இருந்து துரையின் தம்பி, அண்ணன் என்ன விட்டுப்போனார் என்று கேட்டுக் கடிதம் எழுதியிருந்தார். எழுத்து விட்டுப்போனார் என்று பதில் போட்டாள் அருளாயி.

அவளுக்கு அந்த நாட்களில் துக்கம் பாதிதான் இருந்தது என்று சொன்னால் தப்பில்லை. காலையில் ஈரம் காயாத ஒரு தாளைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் இருப்பாள், பிறகு அன்றைய வேலையைப் பார்ப்பாள். தெருவில் போகிற யார் சட்டைக்குள்ளும் தன் புருஷன் கொஞ்சம் இருக்கிறார் என்பதில் அவளுக்குப் பொறாமை வரவில்லை, பெருமையாகத்தான் இருந்தது. அப்படி மூன்று வருஷம் போனது.

நாலாம் வருஷம் தாள்கள் சூடு குறைந்து வந்தன. மாசிலாமணி எழுத்துகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஈயம் மெத்தென்ற சாமான், ஒவ்வொரு இழுப்புக்கும் கண்ணுக்குத் தெரியாமல் தேய்கிறது, ஊர் இழுத்த இழுப்பில் முகம் மழுங்கிப் போயிருந்தது. இதென்ன பெரிய விஷயம், செம்புப் பள்ளங்கள் அப்படியே இருக்கின்றன, புதிதாக வார்த்துக்கொள்ளலாம் என்று இருபது எழுத்து வார்த்துப் பழையதோடு கலந்து கோத்து ஒரு தாள் எடுத்தார். அருளாயி அதன்மேல் கையை ஓட்டினாள். புது எழுத்து விழுந்த இடங்கள் மட்டும் சில்லென்றன. துரை தன் விரலில் தேய்த்துப் பெட்டியில் போட்டவற்றில்தான் சூடு இருந்தது, அது தீரப்போகிறது என்பது அப்போதுதான் இரண்டு பேருக்கும் விளங்கியது.

அன்றே அருளாயி முடிவு செய்துவிட்டாள். ஊர் வேலைக்கெல்லாம் இனிப் புது எழுத்து. பழையதைத் துணியில் சுற்றி ஒரே பெட்டியில் வைத்துப் பூட்டினாள். அவர் போன நாளில் வருஷத்துக்கு ஒரு தாள், அவளுக்கு மட்டும். அந்தக் கணக்கில் போனால் உங்க ஆயுசுக்கும் தாண்டி வரும்மா என்றார் மாசிலாமணி, அதைக் கேட்டு அவள் பல நாளுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள்.

ஊர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டது, ஆனால் சண்டைக்கு வரவில்லை. புருஷன் அவளுடையவர் அல்லவா. செம்பாயி மட்டும் ஒரு மார்கழிப் பிற்பகலில் வந்தாள். ஏழாம் மாதத்தில் ஒரு பெண்பிள்ளை பிறந்திருந்தது, பஞ்சில் வைத்தும் சில்லிட்டுக்கொண்டே போகிறது என்றாள்.

"ஒரே ஒரு தாள் அருளு. உள்ளங்கை அகலம் போதும்."

"தர மாட்டேன்க்கா" என்றாள் அருளாயி. "அது தீர்ந்துச்சுன்னா எனக்கு அவரு செத்துப்போயிருவாரு."

செம்பாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு திரும்பிப் போனாள். மூன்றாம் நாள் அந்தப் பிள்ளை போய்விட்டது. ஏழாம் மாதத்துப் பிள்ளை எப்படியும் நின்றிருக்காது என்று தாயே சொன்னாள், ஊரும் அதையே சொன்னது, யாரும் அருளாயியை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. செம்பாயி அதற்குப் பிறகு எதிரில் வந்தால் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவாள். அந்த வருஷம் அவர் போன நாளில் அருளாயி தனக்கென்று எடுத்த தாள் சூடாகத்தான் இருந்தது, கன்னத்தில் வைக்க அவளுக்குக் கை வரவில்லை, மடித்துப் பெட்டிமேல் வைத்துவிட்டாள்.

அடுத்த கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை காலை கடல் ஊருக்குள் வந்தது. காற்று முதல் நாளே குப்பத்துக் கூரைகளைப் பிய்த்துவிட்டிருந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் பிள்ளைகளைத் தலையில் வைத்துக்கொண்டு சனங்கள் ஊரிலேயே மேடான, கல்லால் கட்டிய ஒரே இடமான அச்சுக்கூடத்துக்கு வந்தார்கள், கோயில் தெருக்காரர்கள் வந்தார்கள், மரைக்காயர் தெருக்காரர்கள் வந்தார்கள், இருநூற்றுச் சொச்சம் பேர் எழுத்துப் பெட்டிகளுக்கு நடுவில் கால் நீட்ட இடமில்லாமல் உட்கார்ந்தார்கள். யாரிடமும் காய்ந்த துணி இல்லை. விறகு ஊறிப்போயிருந்தது, சிக்கிமுக்கிக் கல்லில் பொறி வந்தது, பிடிக்க ஒன்றும் இல்லை. சன்னல்கள் போய்விட்டதால் சாரல் உள்ளேயே அடித்தது. மதியத்துக்குள் கூடம் முழுக்கப் பல் அடித்துக்கொள்கிற சத்தம் கேட்டது, வெளியே அத்தனை காற்றிலும் அது கேட்டது.

செம்பாயியும் அங்கேதான் இருந்தாள். ரவிக்கைக்குள் யாருடையதோ ஒரு பிள்ளையை விட்டுக்கொண்டு, இன்னொன்றை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நடுங்குகிற பிள்ளையைப் பற்றி அவள் கவலைப்படுவதில்லை, நடுக்கம் நின்றுபோன பிள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், அப்படி மூன்று இருந்தன. அவள் பூட்டிய பெட்டியைப் பார்க்கவில்லை. அருளாயியையும் பார்க்கவில்லை. கேட்டிருந்தால் அருளாயிக்கு மறுபடியும் இல்லை என்று சொல்ல ஒரு இடம் கிடைத்திருக்கும்.

அருளாயி எழுந்து நின்றாள், மறுபடி உட்கார்ந்தாள், இதை மறைத்துச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. தனக்கு இன்னும் முப்பது வருஷம் இருக்கலாம், அந்த முப்பது வருஷமும் அவர் இல்லாமல் இருக்க வேண்டும் என்று அவள் நினைத்தாள். பிறகு எழுந்து, இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்தாள்.

தீ மூட்ட முடியாது, துணி காயாது, சோறு பொங்க வழியில்லை, ஆனால் அச்சடிக்கத் தடை ஒன்றும் இல்லை. அச்சுக்குத் தாள் நனைந்திருக்க வேண்டும், அங்கே இருந்த தாள் எல்லாம் நன்றாகவே நனைந்திருந்தது. மையோ எண்ணெய் மை, தண்ணீருக்கு அசையாது. ஆனால் மாசிலாமணி எழுத்துப் பெட்டிக்கு முன் கைகட்டி நின்றார்.

"என்ன வாசகம்மா கோக்கறது?"

"எதையாவது கோத்துருங்க."

"எதையாவதுன்னு ஒரு வாசகம் இல்லீங்களே."

இருபத்தைந்து வருஷமாக அச்சுக்கோத்த மனுஷன், அர்த்தம் இல்லாத தாள் தன் கையிலிருந்து போகாது என்றார், போக விடவும் தெரியாது அவருக்கு. ஆகவே கை பழகிய ஒன்றைக் கோத்தார், தூக்கத்தில்கூட அதை அவர் கோப்பார்: கொண்டல்துறையில் நங்கூரம் போடும் சகல தோணிக்காரருக்கும் அறிவிப்பது என்னவென்றால், காற்றுக் காலத்தில் தோணிகளைக் கரையேற்றி வைக்க வேண்டியது. அந்தத் தோணிகள் எல்லாம் அப்போது எங்கே இருந்தன என்று கடலுக்குத்தான் தெரியும். நெய்னா முதல் தாளை இழுத்தார். வெளியே எடுத்ததும் அருளாயியும் மாசிலாமணியும் வழக்கப்படி குனிந்து பிழை பார்த்தார்கள். மூன்றாம் வரியில் ஒரு எழுத்து தலைகீழாக நின்றது. இருநூறு பேர் குளிரில் விறைத்துக்கொண்டிருக்க, மாசிலாமணி ஊசியை எடுத்து அந்த எழுத்தைக் கிளப்பினார், அருளாயி வரியைப் பிடித்துக்கொண்டாள், இரண்டு பேருக்கும் அதில் ஒரு தப்பும் தோன்றவில்லை.

"புள்ளைக்குப் படிக்கத் தெரியாது, அருளு" என்றாள் செம்பாயி. பதினொரு மாதத்தில் அருளாயியிடம் அவள் சொன்ன முதல் வார்த்தை அது.

அருளாயி ஊசியைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத் தலைகீழ் எழுத்தோடு இருந்த தாளை அவளிடம் கொடுத்தாள். அது நல்ல சூடாக இருந்தது, முதல் வருஷத்தில் வந்ததைப் போல இருந்தது. செம்பாயி அதை நடுக்கம் நின்றிருந்த பிள்ளையின் வெற்று முதுகில் அச்சுப்பக்கமாக ஒட்டினாள். கொஞ்ச நேரத்தில் பிள்ளை நடுங்க ஆரம்பித்தது, பிறகு வீறிட்டு அழுதது, அந்த அழுகையைக் கேட்டுக் கூடத்தில் பாதிப்பேர் கூடவே அழுதார்கள்.

அதன்பிறகு யாரும் பிழை பார்க்கவில்லை. அருளாயி இரண்டு கையிலும் மைப்பந்தைப் பிடித்து எழுத்துக்கு மை ஒற்றினாள், நெய்னா இழுத்தார், நெய்னாவின் தோள் விட்டுப்போனதும் குப்பத்துப் பெண்கள் வலை இழுக்கிற கைகளோடு வந்து இழுத்தார்கள், அழுத்தி இழுத்தால் சூடு அதிகம் வருகிறது என்று கண்டு இரண்டிரண்டு பேராகத் தொங்கி இழுத்தார்கள். பிள்ளைகளுக்கு முதலில், பிறகு பிள்ளை பெற்றவர்களுக்கு, பிறகு வயசாளிகளுக்கு. குருக்களின் முதுகில் நெய்னா ஒட்டினார், மாலுமிக் கிழவர்களின் மார்பில் குப்பத்துப் பெண்கள் ஒட்டினார்கள், தீட்டு பற்றிய பேச்சு யாருக்கும் நினைவு வரவில்லை. அன்று பிற்பகலும் மறுநாள் பகல் பூராவும் அடித்தார்கள். எழுத்துகள் தேய்ந்தன. தாளில் வரிகள் வெளுத்தன, நங்கூரம் படிக்க முடியாமல் போனது, தோணி போனது, அப்புறம் வரி இருந்த இடம் சாம்பல் நிறமாக ஒரு பட்டை மட்டும் தெரிந்தது, அதிலும் லேசாகச் சூடு இருந்தது. அருளாயி ஒவ்வொரு முறை மை ஒற்றும்போதும் மனசுக்குள் அவரோடு பேசிக்கொண்டே இருந்தாள். இன்னும் கொஞ்சம் என்றாள், இன்னும் நாலு பேர்தான் என்றாள். அவர் கேட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

கடைசியாக ஒரு தாள் வந்தது, அதற்கடுத்தது சில்லென்று வெறும் மைக்கறையாக வந்தது. மாசிலாமணி எழுத்து கோத்திருந்த பலகையில் கையை வைத்துத் தடவினார். கல்லைத் தடவுவதுபோல வழவழவென்று இருந்தது.

"எழுத்து போச்சும்மா" என்றார். கடைசிச் சூட்டுத் தாளை அவளுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார், அதை இரண்டு கையாலும் நீட்டினார்.

அருளாயி வாங்கினாள். கன்னத்துக்குக் கொண்டுபோகவில்லை. செம்பாயி தனக்கு ஒட்டியதைக்கூட எடுத்து யாருக்கோ கொடுத்துவிட்டு உதடு நீலம்பாரித்து உட்கார்ந்திருந்தாள். அருளாயி அவள் பின்னால் போய் மண்டியிட்டு, நனைந்த சேலையை விலக்கி, அந்தத் தாளை அவள் முதுகில் வைத்து, ஒட்டிக்கொள்ளும்வரை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். செம்பாயி திரும்பிப் பார்க்கவில்லை, கையை மட்டும் பின்னால் கொண்டுவந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அப்போது அருளாயி அழுதாள். நாத்தான்வேல் துரை செத்துப்போன ஐந்தாம் வருஷத்தில், ஒரு கூடம் நிறைந்த சனங்களுக்கு நடுவில் உட்கார்ந்து, புருஷனைப் பறிகொடுத்தவள் அழவேண்டிய அழுகையை அழுதாள். யாரும் அவளைத் தேற்றவில்லை, அவளுக்கு வேண்டிய அளவு இடம்விட்டு ஒதுங்கி உட்கார்ந்தார்கள்.

சனிக்கிழமை வெயில் வந்தது. ஒருவர்கூடக் குறையாமல் வெளியே வந்து முற்றத்தில் நின்று தாள்களை உரித்தார்கள். உடம்போடு ஒட்டிக் கிடந்ததில் மை தோலில் இறங்கியிருந்தது. பிள்ளைகளின் முதுகெல்லாம் தோணிக்காரருக்கு அறிவிப்பது என்னவென்றால் என்று இடம்வலம் மாறி இருந்தது, மாசிலாமணி ஒருவர்தான் அதைத் தடுமாறாமல் படித்தார். பெண்கள் நல்லெண்ணெய் தேடி எடுத்துப் பிள்ளைகளைத் துடைக்க உட்கார்ந்தார்கள். வேம்பு என்கிற குப்பத்துப் பெண் தன் மூன்று மாதப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அருளாயியிடம் வந்து, நீங்களே துடைச்சிவிடுங்கம்மா என்றாள். அருளாயிக்குப் பிள்ளை குளிப்பாட்டிப் பழக்கம் இல்லை. செம்பாயி அவளைக் காலை நீட்டி உட்காரவைத்துப் பிள்ளையைக் கால்மேல் குப்புறப் போட்டாள், கழுத்தை எப்படிப் பிடிப்பது என்று காட்டினாள்.

அருளாயி எண்ணெய் தொட்டுத் தேய்த்தாள். வரிகள் ஒவ்வொன்றாகக் கலைந்து அவள் உள்ளங்கைக்கு வந்தன. மை போனபின் முதுகு தன் நிறத்தில் பளபளவென்று வந்தது, அவள் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் இருந்தாள். சூடாகத்தான் இருந்தது. யாருடைய சூடு என்று அவளுக்குத் தெரியவில்லை. பிள்ளையைத் திருப்பி மடியில் போட்டதுதான் தாமதம், அது அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, சேலை, பாவாடை, தொடை எல்லாம் நனைய, சுடச்சுட ஒன்றுக்குப் போனது. வேம்பு பதறினாள். செம்பாயி சிரித்துக்கொண்டே பிள்ளையை வாங்கக் கையை நீட்டினாள்.

"இருக்கட்டும்க்கா" என்றாள் அருளாயி.